பதினெட்டு என்று எழுதிய பலகை

பலகையின் முதுகில் பச்சை முத்திரை
பதினெட்டு என்கிறது.
வேணியர் வாயால் கடித்துப் பார்த்துவிட்டு
பதினேழு புள்ளி நாலு என்கிறது.
இரண்டு பேச்சும் வேண்டாம் என்று
பலகையிலேயே ஒரு துண்டு அறுத்தெடுத்தேன்.

பெரியகல்லாறு. ஒன்றே கால்.
கச்சான் காற்று தகரக் கூரையைப்
பிடித்து உலுப்புகிறது.
இரண்டு மணிக்குத்தான் கரண்ட்.
அதற்கென்ன,
ஸ்க்ரூவுக்கும் மூலைமட்டத்துக்கும்
கரண்ட் எதற்கு?

கல்முனை நவ்பரின் பாமசிக்கு
ஆறு றாக்கை.
றாக்கைக்கு ஏழு தட்டு,
தட்டுக்கு இரண்டு காடி.
எண்பத்து நாலு.
ஜிக் பிழைத்தால்
எண்பத்து நாலு முறையும் ஒரே பிழை,
மிக நேர்த்தியாக.

குறுக்குப் பட்டி பலகை விளிம்பில் முட்ட,
அதற்குச் செங்குத்தாய் முதல் வேலி.
மூலைமட்டத்துக்குப் பின்னால்
டோர்ச்சைப் பிடித்தாள் கெங்கா.
ஒரு நூல் வெளிச்சம் கசிந்தது.
ஸ்க்ரூவைத் தளர்த்தினோம்.
மறுகாவும் பிடித்தாள்.
இருட்டு.
இருட்டாய் இருந்தால் சரி.

"இதுக்கும் வேலி எண்டா பேர்?"
அவள் சிரித்ததன் காரணம் எனக்குத் தெரியும்.
அவள் வீட்டுக்கும் பக்கத்து வளவுக்கும்
ஒன்பது வருஷ வழக்கு,
ஒரு முழ மண்ணுக்கு.
இங்கே இரண்டாம் வேலிக்கு
நகரட்டும் என்றே துளையை நீட்டி வெட்டியிருக்கிறோம்.

நடுவில் துண்டை நிறுத்தி
இரண்டு வேலியையும் அதன் கன்னத்தில் ஒட்ட வைத்து
பட்டாம்பூச்சி நட்டை முறுக்கினேன்.
அளவு நாடா தொங்குகிற ஆணியில்
தொங்கியபடியே இருந்தது.

இரண்டு அஞ்சுக்கு பல்ப் எரிந்தது.
ரவுட்டர் அலறியது.
இடது வேலியோடு போய்
வலது வேலியோடு திரும்பு.
பேரிங் உரசும் இடத்தில் உள்ளங்கை கூசும்.
மூன்று மில்லி. பிறகு இன்னும் மூன்று.
அவசரப்பட்டால் மரம் கருகிச் சொல்லும்.

கழிவுப் பலகையில் முதல் காடி.
தட்டை வைத்தேன். இறங்கவில்லை.
கெங்கா ரப்பர் சுத்தியலைத் தூக்கினாள்.
"அடிக்காத. பசை எங்க போய் இருக்கும்?"
கார்மெண்டில் எட்டு வருஷம்
கொலர் தைத்தவள் நான்.
துணிக்குள் துணி மடிய
ஒரு மூச்சு இடம் விட வேண்டும்.

கைப்பையில் காலையில் வந்த பஸ் டிக்கட்.
துண்டோடு சேர்த்து வேலிக்கு இடையில் செருகி
மறுபடி முறுக்கினேன்.
இரண்டாம் காடி.
தட்டு கையால் அழுத்த இறங்கியது.
தலைகீழாய்த் தூக்கினேன்,
விழவில்லை.
உலுப்பினேன்,
அப்போதும் விழவில்லை.
கெங்கா ஒன்றும் பேசாமல்
தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

ஐந்து மணிக்குள் மூன்று றாக்கைக்கான காடி.
இமையெல்லாம் தூள்.
நாலாவதற்குப் புதுப் பலகை இழுத்தோம்.
அதே கடை, அதே லொறி,
முதுகில் அதே பச்சைப் பதினெட்டு.
காடியை வெட்டித் தட்டைக் கொண்டுபோனால்
வாசலிலேயே நிற்கிறது, மாட்டேன் என்று.

வேணியர்: பதினேழு புள்ளி ஒன்பது.

கெங்கா ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.
ரவுட்டர் நின்றிருந்ததால்
அது வீதிவரை போயிருக்கும்.
நான் நட்டைத் தளர்த்தினேன்.
டிக்கட் தரையில் விழுந்தது,
ஓரமெல்லாம் நசுங்கி,
கட்டணம் மட்டும் வாசிக்கக்கூடியதாய்.

இந்தப் பலகையில் ஒரு துண்டு அறுத்தேன்.
இதற்கு இதன் துண்டுதான்.
வெட்டிய அந்தக் காடியையும்
இன்னொரு தரம் அகட்ட வேண்டும்.

நவ்பரின் அழைப்பு.
"எத்தின முடிஞ்சிது தங்கச்சி?" என்பார்.
பெஞ்சில் அதிர்ந்து அதிர்ந்து
தூளுக்குள் தனக்கொரு காடி
வெட்டிக்கொண்டு போகிறது போன்.
டிக்கட்டைப் பொறுக்கி
இந்தத் துண்டோடு சேர்த்துச் செருகுகிறேன்.
கெங்கா சுவிட்சில் கை வைத்து நிற்கிறாள்.